முதல் பக்கத்தில் ஒரு தாய்

ரேணுகா எழுதிக் கொண்டுபோன முதல் திட்ட அறிக்கையை வங்கி மேலாளர் ஆனந்தன் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மூடி, அதன் மேலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தப்புன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. வாடகை போட்டிருக்கீங்க, சம்பளம் போட்டிருக்கீங்க, எத்தனை பிள்ளைங்க சேர்ந்தா கையைக் கடிக்காதுன்னு கணக்குப் போட்டிருக்கீங்க. ஆனா அரிசி மண்டி வைக்கப் போறேன்னு ஒருத்தர் வந்தாலும் இதே அறிக்கையைக் கொடுக்கலாம். காப்பகம் நடத்தறவங்க எழுதினதுன்னு எனக்குத் தோணவே இல்லை. உங்களை நம்பி வெளியிலிருந்து யாராவது கொஞ்சம் முதல் போட முன்வந்தாங்கன்னா, நாங்களும் தைரியமாக் கொடுப்போம்."

ரேணுகா தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

அவள் பிறந்து வளர்ந்தது ஆவடியில், ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். அப்பா லட்சுமணன் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி வந்த இடம் அத்திப்பட்டு. கணவன் வரதனின் குடும்பம் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அங்கே நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். நிலமெல்லாம் ஷெட்டாகவும் மனையாகவும் மாறிப்போய், மிஞ்சியது ஒரு மாடி வீடு. வரதன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மகன் கல்லூரிக்குப் போன பிறகு, கீழ்த்தளத்து அறைகளை வெள்ளையடித்து ரேணுகா பிள்ளைகள் காப்பகம் ஆரம்பித்தாள். அது ஆயிற்று ஆறு வருடம். தையல் கம்பெனிக்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கும் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். காப்பகம் நல்ல பெயர் எடுத்திருந்தது.

சென்னீர்குப்பத்தில் இன்னொன்று ஆரம்பிக்க வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருட யோசனை. பெங்களூர் சாலை ஓரமாகக் கிடங்குகளும் கம்பெனிகளும் பெருகிவிட்டன. காலை ஷிப்டுக்கு வேன் வேனாகப் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். பூந்தமல்லி வரைக்கும் மெட்ரோ வேறு வருகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் பிள்ளைகளுக்குக் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த வேலையை வெளியே ஒப்படைத்துவிடலாமே என்று இரண்டு கம்பெனிக்காரர்கள் வாய் வார்த்தையாகச் சரி என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு பெரிய கட்டடம் பார்த்து வைத்திருந்தாள். முதல் மட்டும்தான் இல்லை.

ஆனந்தன் சொன்னது மனசில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தபோதுதான், தொழிற்பேட்டையில் ஒரு சங்கக் கட்டடத்தில் பெண்களுக்கென்று தொழில் பயிற்சி வகுப்பு நடந்தது. போனாள். அங்கே பாடம் எடுத்த அம்மா, திட்ட அறிக்கை எழுதுவதைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார்.

"கணக்கு கட்டாயம் இருக்கணும். ஆனா பணம் போடறவங்க ஒரே நாள்ல எத்தனையோ அறிக்கையைப் புரட்டுறாங்க. நம்பரைப் பார்த்து யாரும் நிக்கிறதில்லை. முதல் பக்கத்துல ஒரு மனுஷி நிக்கணும். அவளுக்கு ஒரு கஷ்டம் இருக்கணும். அந்தக் கஷ்டத்துக்கு உங்க தொழில்தான் மருந்துன்னு படிக்கிறவங்களுக்கே தோணணும். நீங்க சொல்லக் கூடாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரேணுகா அந்த மனுஷியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் காப்பகத்திலேயே இருந்தாள்.

மறுநாள் மதியம், சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், லேப்டாப்பைத் திறந்து வைத்து எழுதினாள்.

'அம்பத்தூரில் ஒரு தாய். தையல் கம்பெனியில் வேலை. ஒரு நாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாவிட்டால் அந்த மாதப் படி போய்விடும். பிள்ளையை விட்டுச் செல்ல ஓர் இடம் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வந்தபோது பிள்ளை மருத்துவமனையில் இருந்தான். அடுப்பிலிருந்த வெந்நீர் அவன் மேல் கவிழ்ந்திருந்தது. அன்றைக்கு அவனுக்கென்று ஓர் இடம் இருந்திருந்தால்?'

எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. பெயர் போடவில்லை, ஊரில் எத்தனையோ தாய்மார், இது யாரோ ஒருத்தி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த அறையில் தாயம்மாள் ஒரு பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தாயம்மாள் அந்தக் காப்பகத்தின் ஆயா. அந்த 'ஒரு தாய்' அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. தாயம்மாள் பக்கத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருந்தாள். தையல் கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் பெயின்டர், கான்ட்ராக்டில் வெளியூர் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். பத்து வயசுப் பெண் ரேகா, இரண்டரை வயசுப் பையன் அஜித்குமார். பையனைக் காலையில் ரேணுகாவிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அன்றைக்கும் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். பையன் தோளில் துவண்டு கிடந்தான். ரேணுகா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். நூறு காட்டியது.

"காய்ச்சல் இருந்தா சேர்த்துக்கக் கூடாது தாயம்மா. மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். ரூல் உனக்கே தெரியுமில்ல."

"இன்னிக்கி ஒரு நாளு மட்டும்க்கா. லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் பூடும். மாத்திரை குடுத்துகீறேன், எறங்கிடும்."

"ஒருத்தருக்காக ரூலை மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க."

தாயம்மாள் இன்னொரு தடவை கேட்கவில்லை. திரும்பிப் போய், ரேகாவைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்து, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள். மத்தியானத்துக்குள் அது நடந்துவிட்டது. பையனின் இடது கை முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வெந்து போனது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். ஆனால் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

ரேணுகா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். பையனோடு இருந்ததில் தாயம்மாளின் கம்பெனி வேலை போயிருந்தது. "நம்ம காப்பகத்துக்கே வந்துடு, அஜித்தையும் கூடவே வெச்சுக்கலாம்" என்றாள். தாயம்மாள் வந்தாள். அன்றிலிருந்து இந்த மூன்று வருடத்தில் அந்தக் காலை நேரத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததை ரேணுகா மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

புது அறிக்கை ஒரு கை மாறி இன்னொரு கை மாறி, முகப்பேரில் இருக்கிற கிருஷ்ணப்பிரியா என்ற பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்துவிட்டு விலகியவர். சில தோழிகளோடு சேர்ந்து, பெண்கள் நடத்துகிற சிறு தொழில்களில் பணம் போடுகிறவர். அவரே போன் செய்தார்.

"முதல் பக்கத்தைப் படிச்சுட்டு அரை மணி நேரம் வேற வேலையே ஓடலைங்க. உங்க இடத்தை வந்து பார்க்கலாமா?"

வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். சமையலறையில் டப்பாவைத் திறந்து பருப்பைக்கூடப் பார்த்தார். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு அஜித்குமார் வந்துவிட்டான். ஐந்து வயதைத் தாண்டியவன், முதுகில் பை, வந்ததும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிருஷ்ணப்பிரியாவின் பார்வை அவன் கையில் போய் நின்றது. பிறகு தாயம்மாளைப் பார்த்தார். கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார்.

"இவங்கதானா?"

ரேணுகா ஓர் எட்டு முன்னால் வைத்தாள். அதற்குள் கிருஷ்ணப்பிரியா, தாயம்மாளின் தோளைத் தொட்டு, "உங்க கதையைப் படிச்சுட்டுத்தாம்மா நான் வந்தேன்" என்று சொல்லி, முதல் பக்கத்தை எடுத்து வாய்விட்டு வாசித்தார். நல்ல எண்ணத்தில்தான் வாசித்தார். 'விட்டுச் செல்ல ஓர் இடம் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போனாள்.'

தாயம்மாள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. தலையைத் தூக்கி ரேணுகாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட ரேணுகா தாங்கியிருப்பாள். ஏதோ கணக்கு புரியாதவள் திருப்பிக் கேட்பதுபோல அந்தப் பார்வை இருந்தது. அப்புறம் தாயம்மாள் குனிந்து, பாயைச் சுருட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"ஆமா மேடம்."

அவ்வளவுதான். கிருஷ்ணப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது ரேணுகாவின் கையைப் பிடித்து, "எங்க குழுவுக்கு முன்னால ஒரு தடவை வந்து பேசிடுங்க. எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார்.

சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் போன பிறகு தாயம்மாள் கதவோரம் வந்து நின்றாள்.

"அக்கா, நான் பூட்டினு போவல."

"தாயம்மா..."

"ரேகாவ உட்டுட்டுதான போனேன். கதவ பூட்டிட்டு போனேன்னு எழுதிகீறியே. நாளைக்கி இந்தப் புள்ள பெர்சாயி இத்த படிச்சா இன்னா நெனைக்கும்? எங்கம்மா என்ன உள்ள வெச்சி பூட்டிட்டு போய்ச்சின்னு நெனைக்காது?"

"மாத்திடறேன். இன்னிக்கே மாத்திடறேன்."

"அத்த மட்டும் மாத்திடு. மத்தது உன் இஷ்டம்."

செருப்பை மாட்டிக்கொண்டு, பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தன்னைப் பற்றிக் கேட்பாள், நீ திருப்பி அனுப்பியதை ஏன் எழுதவில்லை என்று கேட்பாள் என்று ரேணுகா எதிர்பார்த்து நின்றாள். கேட்கவில்லை. ஒரே ஒரு வரியைத்தான் கேட்டாள், அதுவும் பிள்ளைக்காக.

ரேணுகா அந்த வரியை மாற்றினாள். 'பத்து வயது மகளிடம் விட்டுவிட்டுப் போனாள்.' மாற்றுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதே அவளைக் கலக்கியது. ரேகாவை எதற்காக முதலில் கதையிலிருந்து எடுத்தாள் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. அக்கா ஒருத்தி இருந்தாள் என்றால் கதை கொஞ்சம் நீர்த்துப்போகும், பூட்டிய கதவு என்றால் படிக்கிறவர் நெஞ்சில் அடிக்கும். அதற்காக. அந்த மேல் வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 'விட்டுச் செல்ல ஓர் இடம் இல்லை.' அதன் மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வரவில்லையா என்று வரதன் மாடியிலிருந்து கூப்பிட்டான். லேப்டாப்பை மூடினாள்.

முகப்பேரில் கிருஷ்ணப்பிரியாவின் ஃபிளாட்டில் அந்தக் கூட்டம் நடந்தது. ஹாலில் ஐந்தாறு பெண்கள், சமோசா, காபி. ரேணுகா பட்டுப் புடவை வேண்டாம் என்று கைத்தறி கட்டிக்கொண்டு போயிருந்தாள். முதல் பக்கத்தை அவளையே சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். பலமுறை ஒத்திகை பார்த்தது, தடுமாறாமல் வந்தது. பிறகு சென்னீர்குப்பம், வாடகை, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா, எந்த மாதத்திலிருந்து லாபம், கம்பெனிக்காரர்கள் ஒருவேளை பின்வாங்கினால் என்ன செய்வது என்று எல்லாம் சொன்னாள். தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள்.

அப்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த ராஜகுமாரி என்ற பெண்மணி, பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரு சின்னச் சந்தேகம். நீங்க காப்பகம் நடத்தி ஆறு வருஷம்னு போட்டிருக்கீங்க. இது நடந்தது மூணு வருஷம் முன்னாலன்னு கிருஷ்ணப்பிரியா சொன்னாங்க. அந்தம்மா பக்கத்துலதான் இருந்திருக்காங்க. ஏன் பிள்ளையை உங்ககிட்டயே கொண்டு வரலை?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்ட கேள்வியில்லை. கணக்கு பார்க்கிறவர் கேட்கிற கேள்வி. சொல்வதற்கு ரேணுகாவுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் சென்னீர்குப்பத்துக் கட்டடம் கண்ணுக்கு முன்னால் வந்தது, ஆனந்தனின் கண்ணாடி வந்தது.

"அப்போ அவங்களுக்கு எங்களைத் தெரியாதுங்க" என்றாள்.

"ஓ, சரி சரி" என்று ராஜகுமாரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கிளம்பும்போது எல்லாரும் கை குலுக்கினார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ரேணுகா முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவள் செய்தது ஒன்றைச் சொல்லாமல் விட்டது. விட்டுவிட்டேன், மறைக்கவில்லை என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தெரியாதாம். ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் காலையில் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவளுக்குத் தன்னைத் தெரியாதாம். அஜித்குமார் முதன்முதலாக 'அத்தே' என்று கூப்பிட்டதே ரேணுகாவைத்தான். பக்கத்து சீட்டுக்காரி, "உடம்பு சரியில்லையாம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வீட்டில் வரதனிடம் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "இதைச் சொன்னாத்தான் உனக்குத் தூக்கம் வரும்னா போய்ச் சொல்லிடு. ஆனா பணம் வராது, அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போ" என்றான்.

மறுநாள் காலை முகப்பேருக்குப் போனாள். கிருஷ்ணப்பிரியா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். ரேணுகா உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், நூறு, ரூல், திருப்பி அனுப்பியது, பூட்டாத கதவு, நேற்றுச் சொன்ன பதில்.

கிருஷ்ணப்பிரியாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"காய்ச்சல் பிள்ளையைத் திருப்பி அனுப்பினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எந்தக் காப்பகமா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருக்கும். நேத்து ராஜகுமாரி கேட்டப்போ நீங்க இதையே சொல்லியிருந்தா, உங்களை இன்னும் கூட நம்பியிருப்போம்." மேஜை மேலிருந்த அறிக்கையை மூடினார். "இப்போ நான் அவங்ககிட்ட சொல்லியாகணும். உங்களுக்குப் புரியுதில்ல?"

"புரியுதுங்க."

சில நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. மரியாதையான வார்த்தைகளில், இந்த முறை முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

தாயம்மாளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. சென்னீர்குப்பம் வந்தால் அங்கே தாயம்மாள்தான் பொறுப்பு, சம்பளம் ஏறும் என்று ரேணுகா முன்பே சொல்லி வைத்திருந்தாள். அந்த நம்பிக்கையில் தாயம்மாள் பையனின் விரல்களைப் பிரிக்கிற ஆப்பரேஷனுக்கு நாள் கேட்டு வைத்திருந்தாள். ஆப்பரேஷனுக்கு அரசுக் காப்பீடு இருந்தது. ஆனால் கூட இருந்து பார்த்துக்கொள்கிற மாதம் சம்பளம் போய்விடும், அதற்குக் கையில் கொஞ்சம் சேர வேண்டும்.

பின்கட்டுக் குழாயடியில் தாயம்மாள் பிள்ளைகளின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த மேடம்ங்க இன்னா சொன்னாங்கக்கா? எப்போ ஆரம்பிக்கிறோமாம்?"

ரேணுகா சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். தாயம்மாள் குழாயை மூடினாள்.

"ஒரு வரிய மாத்துன்னு தான சொன்னேன்? நீ போயி எல்லாத்தயும் கொட்டிட்டு வந்துகீற. யாருக்காவ?"

"எனக்கு மனசு தாங்கலை தாயம்மா. உனக்குப் பண்ணினது..."

"எனக்காவன்னு சொல்லாத. நான் கேட்டனா? உம் மனசு லேசாவணும்னு போன. ஆயிடுச்சா?"

ரேணுகா குழாயடித் திட்டில் உட்கார்ந்தாள்.

"எம் புள்ள கை ஆப்பரேசன் தள்ளிப் போச்சு. எனக்கு வர இருந்த வேல போச்சு. உனக்கும் ஒண்ணும் லேசாவல. அப்போ இன்னாத்துக்குக்கா இது?" தாயம்மாளின் குரல் உயரவில்லை, தாழ்ந்துகொண்டே போனது. "மூணு வருசமா நான் ஒண்ணும் கேக்கலன்னு நெனச்சிகினு இருந்தியே, ஏன் கேக்கலன்னு தெர்யுமா? மன்னிச்சிட்டேன்னா? எனக்கு வேல வோணும். புள்ளையயும் இட்டுகினு வர்ற மாதிரி வேற எவன் வேல குடுப்பான்? அதான் கேக்கல."

இவ்வளவு நாள் தாயம்மாளின் மௌனத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை நினைத்து ரேணுகாவுக்கு வெட்கமாக இருந்தது. "என்னை என்ன வேணும்னாலும் சொல்லு" என்றாள்.

"நான் இன்னா சொல்றது. மொகப்பேர் மேடம்ங்ககிட்ட சொன்னியே, ரேகாகிட்ட சொன்னியா?"

"ரேகாகிட்டயா?"

"அது இன்னும் அடுப்புகிட்ட போவாது. டீ கூட போடாது. தம்பிய நான்தான் சாவடிக்கப் பாத்தேன்னு ஒருவாட்டி அழுதுச்சி. உங்கிட்ட தூக்கினு வந்ததெல்லாம் நான் அதுங்கிட்ட சொல்லல. வேல செய்யிற எடத்த பத்தி புள்ளைங்ககிட்ட தப்பா சொல்லக் கூடாதுன்னு உட்டுட்டேன். நீ யார்கிட்டயாச்சும் சொல்லியே ஆவணும்னா, அதுங்கிட்ட சொல்லு."

ரேணுகா அந்த ஞாயிற்றுக்கிழமை வாரியக் குடியிருப்புக்குப் போனாள். மூன்று வருடத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது படியேறும்போதுதான் உறைத்தது. அறிக்கையில் எழுதும்போது எடுத்துப்போட்ட மாதிரியே மனசிலிருந்தும் எடுத்துப் போட்டிருக்கிறாள். ரேகா எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வெளி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா கடைக்குப் போய்கீது ஆன்ட்டி" என்றாள்.

"உன்னைத்தான் பார்க்க வந்தேன்."

ரேகாவின் முகம் கலவரமாயிற்று. ரேணுகா சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு அம்மா தம்பியை முதலில் என்னிடம்தான் தூக்கி வந்தாள், நான்தான் காய்ச்சல் என்று சேர்த்துக்கொள்ளாமல் அனுப்பினேன், அதனால்தான் உன்னை வீட்டில் நிறுத்த வேண்டி வந்தது, பத்து வயசுப் பிள்ளை செய்யக்கூடிய வேலையில்லை அது, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னாள். சொல்லும்போது ரேகாவின் கையிலிருந்த ஈரச் சட்டை சொட்டிக்கொண்டே இருந்தது.

ரேகா அந்தச் சட்டையை இறுக்கிப் பிழிந்தாள். பிறகு கேட்டாள்.

"எவ்ளோ ஜுரம் இருந்துச்சு?"

"நூறு."

"அவ்ளோதானா?"

"ஆமா."

"ஜுரம் வந்தா வெதுவெதுன்னு தண்ணில தொடைக்கணும்னு ஸ்கூல்ல சொல்லியிருந்தாங்க ஆன்ட்டி. அதுக்குத்தான் வெந்நீ வெச்சேன்" என்று ரேகா சொன்னாள். சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ரேணுகா படியிறங்கினாள்.

மூன்றாவது தடவையாக ஓர் அறிக்கை எழுதினாள். இந்தத் தடவை தாயம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் காட்டி எழுதினாள். முதல் பக்கத்தில் யாருடைய கஷ்டமும் இல்லை. ஆறு வருடத்தில் காப்பகத்தில் என்னென்ன சரியாக நடக்கவில்லை என்று இருந்தது. காய்ச்சல் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது, ஒரு பிள்ளை அப்படிப் போய்க் காயப்பட்டது என்று இருந்தது. பெரிய கட்டடத்தை விட்டுவிட்டு, சென்னீர்குப்பத்தில் உள்தெருவில் ஒரு சின்ன வீட்டைப் பார்த்தார்கள். அதில் ஓர் அறை லேசான காய்ச்சல் உள்ள பிள்ளைகளுக்குத் தனியாக.

"இந்த ரூமுக்கு வாடகை இருக்கு, ஆள் சம்பளம் இருக்கு. வருமானமே இல்லையேம்மா" என்றார் வங்கி மேலாளர் ஆனந்தன்.

"இல்லை சார். அதையும் சேர்த்துத்தான் மொத்தக் கணக்கு போட்டிருக்கேன். லாபம் வர இன்னும் ஒரு வருஷம் தள்ளும்."

அவர் முதல் பக்கத்தை மறுபடி படித்தார். "இப்படி எழுதிக்கொண்டு வர்றவங்களை நான் பார்த்ததில்லை" என்றார். அது பாராட்டா என்று ரேணுகாவுக்குத் தெரியவில்லை. கேட்டதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகக் கடன் கிடைத்தது. அதுவே போதும் என்று ஆரம்பித்தார்கள். தாயம்மாள் அங்கே பொறுப்பேற்றாள். சம்பளம் சொன்ன அளவு ஏறவில்லை. அதையும் ரேணுகா முன்பே சொல்லிவிட்டாள்.

அஜித்குமாரின் ஆப்பரேஷன் மழைக்காலம் முடிந்து நடந்தது. தாயம்மாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து, சென்னீர்குப்பத்துக்கு ரேணுகாவே தினமும் போய் வந்தாள். தாயம்மாள் நன்றி சொல்லவில்லை, ரேணுகாவும் எதிர்பார்க்கவில்லை. ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தாயம்மாள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலோரம் ரேகா உட்கார்ந்திருந்தாள். தம்பி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு தூங்கினான். ரேணுகா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ரேகா அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

"நீங்க போங்க ஆன்ட்டி. நான் பாத்துக்கறேன்."

அது போய் வாருங்கள் என்ற வார்த்தையா, போய்விடுங்கள் என்ற வார்த்தையா என்று ரேணுகாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. படியிறங்கி வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றாள். சென்னீர்குப்பத்தில் பிள்ளைகள் தூங்கி எழுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பூந்தமல்லி பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.